காரணம் எழுதாத பேரேடு

தமிழில் 'நாணயம்' என்ற சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று, கையில் எண்ணிக் கொடுக்கும் காசு. மற்றொன்று, வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பித் தரும் நேர்மை. 'நாணயமான ஆள்' என்று ஒருவரைச் சொல்லும்போது அவரிடம் பணம் இருக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை; அவர் வாக்குத் தவறாதவர் என்றே கொள்கிறார்கள். 'கடன்' என்ற சொல்லும் அப்படித்தான்: திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளும் கடன், செய்து முடிக்க வேண்டிய கடமையும் கடன். தவணையைக் குறிக்கும் 'வாய்தா' அரபி மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வட இந்தியக் கடைவீதிகளில் வணிகரின் நற்பெயருக்கு 'சாக்' என்று பெயர். பணத்தை விட 'சாக்' பெரிது என்பது அங்குள்ள வணிகக் குடும்பங்களின் நம்பிக்கை.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வழங்குவது யார், எதை வைத்து வழங்குகிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. இன்று இந்தியாவில் அந்தத் தீர்ப்பு 300-க்கும் 900-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சுருங்கியிருக்கிறது. அந்த எண் தோன்றிய கதையில் பெரிய முரண் ஒன்று உண்டு. பெருங்கடன் வாங்கித் திருப்பித் தராதவர்களைக் கண்டுபிடிக்கப் பிறந்த ஏற்பாடு, இறுதியில் சிறுகடன் வாங்கியவர்களின் ஒவ்வொரு நாள் தாமதத்தையும் எண்ணும் ஏடாக வளர்ந்தது.

பழைய ஏற்பாட்டில் தவறிய கடனுக்கு ஊரறிந்த அடையாளங்கள் இருந்தன. நொடித்துப்போன வணிகர் பட்டப்பகலில் தம் கடையில் விளக்கேற்றி வைக்கும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயணம் செய்த ஐரோப்பியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். 'திவால்' என்ற சொல்லே அந்த விளக்கிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. தமிழ்நாட்டில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்ற வழக்கு இன்னும் வாழ்கிறது. விளக்கானாலும் கடுதாசியானாலும், அவமானம் வெளிப்படையானது. வெளிப்படையாக இருந்ததாலேயே அதற்கு ஊரில் ஒரு விளக்கமும் இருந்தது: சரக்குக் கப்பல் மூழ்கியதா, மழை பொய்த்ததா, மகன் சூதாடினானா என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பழைய ஏற்பாட்டை நல்லதென்று போற்றுவதற்கில்லை. கடன் கொடுப்பவரிடமே ஏடும் எழுத்தாணியும் இருந்தன. கடன் வாங்கியவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வட்டி எவ்வளவு என்பதையும் பல இடங்களில் அதுவே தீர்மானித்தது. இந்த ஏட்டின் மீதான கோபம் 1875 மே 12 அன்று பூனா மாவட்டத்தின் சுபா என்ற சந்தை ஊரில் வெடித்தது. உழவர்கள் வட்டிக்கடைகளைத் தாக்கினார்கள். அவர்கள் குறிவைத்தது பணப்பெட்டியைக் காட்டிலும் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும்தான். அவற்றைப் பறித்துத் தெருவில் போட்டு எரித்தார்கள். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. வரலாற்றில் இது தக்காணக் கலகம் என்று பெயர் பெற்றது.

அதன் விளைவாக 1879-இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அந்தக் கடன் எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்ற முழு வரலாற்றையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அச்சட்டம் சொன்னது. கடனுக்காக உழவரைச் சிறையில் அடைப்பதைத் தடுத்தது. கணக்கு விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கடன் வாங்கியவருக்கு அளித்தது. ஏட்டில் உள்ள எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற எண்ணம் இந்தியக் கடன் சட்டத்தில் தெளிவாகப் பதிந்த இடங்களில் இதுவும் ஒன்று.

அதே எண்ணம் திவால் சட்டங்களிலும் தொடர்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. கடனாளியை விடுவிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது, அவருடைய நொடிப்பு அவரைப் பொறுப்பாக்க முடியாத சூழ்நிலைகளால் நேர்ந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்க இச்சட்டங்கள் இடம் தந்தன. மஞ்சள் கடுதாசி கேலிக்குரியதாக ஆகிவிட்டாலும், அதன் பின்னே நீதிபதி ஒருவர் 'ஏன்' என்று கேட்கும் வாய்ப்பும், விடுதலை என்ற ஒரு முடிவும் இருந்தன.

மூன்றாவது வழி கூட்டுறவு. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கைகள், ஜெர்மனியின் ராய்ஃபைசன் முறையில் சிற்றூர்க் கடன் சங்கங்களை அமைக்கப் பரிந்துரைத்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இம்முறையின் அடிப்படை எளிது: அடகு வைக்கச் சொத்து இல்லாதவருக்கு, அவரை அறிந்த அண்டை வீட்டாரின் நம்பிக்கையே ஈடு. தவணை தவறினால் அதன் காரணத்தை யாரும் விசாரித்து அறிய வேண்டியதில்லை. ஊரே அதைக் கண்டிருக்கும். ஆனால் இந்தக் கனவு நெடுங்காலம் சிறியதாகவே இருந்தது. 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. வணிக வங்கிகளின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பங்கு லேவாதேவிக்காரர்களிடமே இருந்தது.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. கிளைகள் சிற்றூர்களுக்குச் சென்றன. கடன் கேட்பவரை எடைபோடும் பொறுப்பு கிளை மேலாளரிடம் வந்தது. அவர் வீடு தேடி வருவார், கடையைப் பார்ப்பார், ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பார். ஒரு வங்கி தன் வாடிக்கையாளரைப் பற்றி அறிந்தது அந்த வங்கியின் சுவர்களுக்குள்ளேயே நின்றது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடக் கூடாது என்ற கடப்பாடு நாட்டுடைமைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்த இரகசியத்தைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டவர்கள் பெரிய நிறுவனங்கள். ஒரு வங்கியில் கடனை நிலுவையில் விட்டுவிட்டு இன்னொரு வங்கியில் புதுக்கடன் வாங்குவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 1990-களில் வங்கிக் கணக்குகளின் உண்மை நிலை வெளிவரத் தொடங்கியபோது வாராக்கடன் ஒரு தேசியச் சிக்கலாக ஆகியிருந்தது. 1994-இல் ரிசர்வ் வங்கி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது: 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிலுவை வைத்தவர்களின் விவரங்களை வங்கிகள் அனுப்ப வேண்டும், ரிசர்வ் வங்கி அவற்றை வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சுற்றுக்கு விடும். வழக்குத் தொடுக்கப்பட்ட கணக்குகளைத் தவிர மற்றவை இரகசியம் என்றே அனுப்பப்பட்டன. பெருங்கடனாளியின் பெயரைச் சொல்லவே சட்டம் அவ்வளவு தயங்கியது.

அந்தத் தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. வங்கிகளிடமிருந்து பெற்ற தகவல்களை, நம்பிக்கையின் பேரில் தரப்பட்டவை என்று காரணம் காட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கிக்குச் சொல்ல 2015 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வேறொரு ஏடு உருவாகிக் கொண்டிருந்தது. 1999-இல் என்.எச். சித்திக்கி தலைமையிலான பணிக்குழு, கடன் தகவல்களைத் திரட்டும் ஒரு தனி நிறுவனம் தேவை என்று பரிந்துரைத்தது. 2000 ஆகஸ்டில் சிபில் பதிவு செய்யப்பட்டது. 2004-இல் தனிநபர் கடன் தகவல்களையும், 2006-இல் நிறுவனக் கடன் தகவல்களையும் அது வழங்கத் தொடங்கியது. பெருநிறுவனங்களின் வாராக்கடனைத் தடுக்கக் கேட்ட கருவி, முதலில் தனிநபரை நோக்கித் திரும்பியதை இந்த ஆண்டுகளின் வரிசையே காட்டுகிறது. வீட்டுக்கடன், வாகனக்கடன், கடன் அட்டை ஆகியவை பெருகிய காலம் அது. வங்கிகளுக்கு இலட்சக்கணக்கான விண்ணப்பங்களை விரைந்து தரம் பிரிக்க ஒரு வழி தேவைப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது; 2006 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய இரகசியக் கடப்பாடு தடையாகாதபடி சட்டமே வழி திறந்தது. 2007-இல் மதிப்பெண் அறிமுகமானது. 2010-இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், ஹைமார்க் ஆகியவை உரிமம் பெற்றன. அதே ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் வெடித்த நுண்கடன் நெருக்கடிக்குப் பிறகு, மகளிர் குழுக்களின் சில ஆயிரம் ரூபாய்க் கடன்களும் இந்த வலைக்குள் வந்தன.

இந்த ஏடு எதை எழுதுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். தவணை உரிய நாளில் கட்டப்பட்டிருந்தால் அதில் சுழியம். கட்டப்படாவிட்டால், கெடு முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்: 30, 60, 90. தொண்ணூறு நாளைத் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். வங்கி நம்பிக்கை இழந்து அதைத் தன் கணக்கிலிருந்து நீக்கினால் 'ரிட்டன் ஆஃப்' என்ற குறிப்பு. பேரம் பேசி ஒரு பகுதியைக் கட்டி முடித்தால் 'செட்டில்டு' என்ற குறிப்பு. கடன் தீர்ந்துவிட்டது என்று நிம்மதியடைபவருக்கு, அந்தச் சொல் முழுத்தொகையும் கட்டப்படவில்லை என்பதன் சுருக்கம் என்பது அடுத்த கடன் கேட்கும்போதுதான் தெரிய வருகிறது. பிறருக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் இடம்பெறுகிறது. தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

தொகை எவ்வளவு என்பதற்கு இந்த நாள் கணக்கில் பெரிய இடமில்லை. பயன்படுத்தாமல் பெட்டியில் கிடக்கும் கடன் அட்டையின் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் கட்டப்படாமல் இருந்தாலும் நாள்கள் எண்ணப்படும். இவ்வகைக் கொடுமைகளைக் குறைக்கவே, கெடு முடிந்து மூன்று நாளைக் கடந்த பின்னரே அட்டைக் கணக்கை நிலுவை என்று தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருவரைத் தவணை தவறியவர் என்று அறிவிப்பதற்கு முன் ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. இப்போது 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற செயலிகளில் வாங்கும் சட்டையும் செருப்பும்கூடப் பல நேரங்களில் கடனாகவே இந்த ஏட்டில் ஏறுகின்றன.

நாள் எழுதப்படுகிறது. காரணம்? அங்கேதான் இந்த ஏட்டின் இலக்கணம் வெளிப்படுகிறது. 'இயற்கைப் பேரிடரால் மறுசீரமைக்கப்பட்ட கடன்' என்பதற்கு இதில் ஒரு குறியீடு உண்டு. கொரோனாக் காலத்துக்கும் அவ்வாறே ஒன்று சேர்ந்தது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க இசைந்தது. பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அந்த ஒத்திவைப்பு கடன் வரலாற்றைப் பாதிக்காது என்றும் தெளிவாகச் சொன்னது. ஊருக்கு வந்த துன்பத்தை, அதுவும் அரசு அறிவித்த துன்பத்தை, ஏடு ஏற்றுக்கொள்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த துன்பத்துக்கு அதில் கட்டமில்லை. வேலை போனவரும், மருத்துவமனையில் மூன்று மாதம் கிடந்தவரும், சம்பாதித்த கணவரை இழந்தவரும், வசதியிருந்தும் கட்டாமல் ஏமாற்றியவரும் அங்கே ஒரே எண்ணால் குறிக்கப்படுகிறார்கள்: 90.

இந்த முறைக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எண்ணுக்குச் சாதி தெரியாது. மேலாளரின் முகச்சுளிப்புக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் அதில் வேலையில்லை. ஒரே குடும்பத்தின் மீது ஐந்து நிறுவனங்கள் கடனைச் சுமத்துவதை அது வெளிக்காட்டும். வேலை தேடி ஊர்விட்டு ஊர் சென்றவர் தம் நற்பெயரைக் கையோடு எடுத்துச் செல்ல முடிவது இதனால்தான். சுபாவின் உழவர்கள் கண்ட ஏட்டை விட இது நேர்மையான ஏடு. கேள்வி அதன் நேர்மையைப் பற்றியதன்று, அதன் எல்லையைப் பற்றியது. கடன் கொடுக்கலாமா என்ற ஒரே கேள்விக்காக எழுதப்பட்ட ஏடு, மனிதரைப் பற்றிய மற்றக் கேள்விகளுக்கும் விடையாகக் கொள்ளப்படுகிறது.

நீதிமன்றங்கள் இந்த எல்லையைப் பற்றி வெவ்வேறு திசைகளில் பேசியிருக்கின்றன. தந்தையின் கடன் மதிப்பெண்ணைக் காட்டி மாணவரின் கல்விக்கடனை மறுப்பது சரியன்று என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-இல் கூறியது. மாணவரின் மதிப்பெண்ணே குறைவாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு வேறு வகை: கடன் வரலாறு சரியில்லை என்பதால் வங்கி வேலைக்கான பணியமர்த்தலை ரத்து செய்தது செல்லும் என்றது நீதிமன்றம். பொதுப்பணத்தைக் கையாளுபவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தின் மறுபக்கம் கசப்பானது: வேலையில்லாததால் கடன் கட்டத் தவறியவர், கடன் கட்டத் தவறியதால் வேலையை இழக்கலாம்.

அதே 2025-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க்கடன் வழங்கச் சிபில் அறிக்கையைப் பார்க்கும் ஏற்பாட்டை உழவர்கள் எதிர்த்தார்கள். அண்டை வீட்டார் அறிந்த நாணயத்தையே ஈடாகக் கொள்ளலாம் என்ற எண்ணத்தில் நிக்கல்சனின் அறிக்கைகள் பிறந்தது இதே மண்ணில்தான். ஓர் ஊர்ச் சங்கம் தன் உறுப்பினரின் நாணயத்தை மும்பையிலிருந்து வரும் எண்ணிடம் கேட்டறிவது, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பயணம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

விதிகள் மெல்ல மாறி வருகின்றன. 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழையைத் திருத்தக் கேட்டு 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தகவல்களைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிலுவையைக் கட்டியவரின் கணக்கு அதனால் விரைவில் சரியாகும், தவறியவரின் தாமதமும் அதே விரைவில் ஏறும். தவறான எண்ணைத் திருத்த இன்று வழி இருக்கிறது. எண் சரியாக இருந்து, அதன் காரணம் கேட்கப்படாமல் போனவருக்குத்தான் வழியில்லை.

அவ்வழியை 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு காகிதத்தில் வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத, 35,000 ரூபாய்க்கு மேல் தகுதியுள்ள கடன் இல்லாத ஏழைக் கடனாளி, கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு பகுதி அதில் உண்டு. நிறுவனங்களுக்கான பகுதி அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிநபர்களில், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் வந்தது. சாதாரண மனிதருக்கான பகுதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அவருக்கு இன்றும் 1909, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களே கதி.

தவறியதை எழுதும் கை விரைந்து இயங்குகிறது. 'ஏன் தவறினாய்' என்று கேட்டு விடுவிக்க வேண்டிய கை, நூறாண்டு கடந்த இரண்டு சட்டங்களோடு நிற்கிறது. தக்காணத்து உழவர்கள் ஏட்டை எரித்த பிறகுதான் 1879-இல் கணக்குக் கேட்கும் உரிமை வந்தது. இன்றைய ஏட்டை எரிக்க முடியாது. எரிக்க வேண்டியதும் இல்லை. அதில் காரணம் எழுத ஒரு கட்டம் சேர்ப்பதும், சட்டத்தொகுப்பில் உறங்கும் ஒரு பகுதியை அறிவிப்பதும் போதும். நாணயம் என்ற சொல்லில் காசுக்குப் பக்கத்தில் இன்னும் மனிதருக்கும் இடமிருக்கிறது.